கொழுவை விட்ட கை

மாறைநாடு காக்கும் கோமான் இளநாகரின் அடிநிழலில் அமைச்சுப் பணி செய்யும் நன்னாகன், நெடுங்கரைச் சீமையை ஆளும் வேள் எயினனாருக்கு எழுதுவது. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் எல்லை அமைதியில் உறங்குக. அரசர் நலம். நானும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

மதகு வழக்கில் தாங்கள் அளித்த தீர்ப்பு இங்கு வந்து சேர்ந்தது. பெருமழையில் கீழை மதகைத் திறந்து ஊரை மூழ்கடித்தது மதகு காக்கும் தத்தையா, முன்னாள் படைவீரன் மல்லனா என்பது வழக்கு. ஒருவர்மேல் ஒருவர் பழி சொன்னார்கள். கண்டவர் இல்லை. ஆகவே தங்கள் நாட்டு முறைப்படி இருவரும் காய்ச்சிய ஏர்க்கொழுவை வலக்கையால் பிடித்தார்கள். மெய் சொல்பவர் கை விலகாது என்பது அந்த முறை. தத்தையின் கை விலகியது. மல்லன் பிடித்தபடி நின்றான். அவனுக்கு மாலை. அவளைக் கை கட்டி, வரும் முழுநிலவன்று ஆற்றில் இடவேண்டும் என்பது தங்கள் தீர்ப்பு.

அவையில் அவள் சொன்னதை, தீர்ப்பைக் கொண்டுவந்த தூதர் சொன்னபடியே தருகிறேன். "நான் எடுக்கலை சாமி. கைதான் எடுத்துக்கிட்டுது. எடுத்தப்புறந்தான் சுட்டதே தெரிஞ்சுது." இதற்கு அவை சிரித்ததாம். "அப்ப கையை மட்டும் ஆத்துல போட்டுட்டு உன்னை வீட்டுக்கு அனுப்பிருவோமா" என்று ஒருவர் கேட்டாராம். சிரித்தவர்கள்மேல் எனக்குச் சினம் இல்லை. சினம் கொள்ளும் வலு இப்போது இல்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை.

அரண்மனை மருத்துவர் சேந்தனார் வடபுலப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்தே முதியவரானவர். அவரிடம் கேட்டேன். மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது. அதிலிருந்து முதுகெலும்புக்குள் தண்டுவடம் கீழிறங்குகிறது. அதிலிருந்து நரம்புகள் வெண்ணிற நார்களாகக் கிளைத்து விரல்நுனி வரை ஓடுகின்றன என்றார். முதுகில் வெட்டுப்பட்டவனின் கால்கள் காயமின்றியே செத்துக் கிடந்ததை அவர் கண்டிருக்கிறார். அந்தப் பெருவழி அறுந்தால் ஆணை போவதில்லை, செய்தி வருவதில்லை. செய்தி கொண்டுவரும் இழைகள் வேறு, ஆணை கொண்டுபோகும் இழைகள் வேறு. பெரும்பாலும் இரண்டும் ஒரே நரம்பில் சேர்ந்து ஓடுகின்றன.

சுடும் இரும்பைத் தொட்டால் அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேரும்வரை உடல் காத்திருப்பதில்லை. தண்டுவடமே கையை விலக்கிவிடுகிறது. மூளை பிறகுதான் அறிகிறது. நம் எல்லைக் காவலனும் பகையைக் கண்டால் கோட்டை வாயிலை அடைத்துவிட்டுத்தான் தலைநகருக்கு ஆள் அனுப்புகிறான். அவனுக்கு நாம் பரிசு தருகிறோம். தத்தையின் கை செய்ததும் அதுவே.

இதை அரசரிடம் சொன்னேன். அவர் விளக்கைக் கொண்டுவரச் செய்து, அசையாதே என்று தம் விரலுக்கு உரக்க ஆணையிட்டு, சுடரில் வைத்தார். விரல் விலகியது. மறுபடி வைத்தார். மறுபடி விலகியது. தம் ஆணையைத் தம் விரலே கேட்கவில்லை என்றார். அவர் சிரிக்கவில்லை.

முன்பு கொழுவை விடாமல் பிடித்தவர்கள் உண்டே என்று தாங்கள் எழுதுவீர்கள். உண்டு. மூளை முன்கூட்டியே தடுத்தால் சிலரால் சிறிது நேரம் கையை நிறுத்த முடியும். அது பிடிவாதத்துக்குச் சான்று. மெய்க்குச் சான்று அன்று. மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் நம்மைக் கேளாமலே நடக்கின்றன. நல்லவர், தீயவர் என்று அவை பார்ப்பதில்லை. கையிடம் மட்டும் ஏன் அறம் கேட்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே அரசர் ஆணை இது. இந்த ஓலையை அவையில் படிக்கும்போதே தத்தையின் கட்டு அவிழ்க்கப்படுக. அவள் கைக்கு மருந்திடுக. நெடுங்கரையில் இனி எவர் கையிலும் கொழு வைக்கலாகாது. மதகின் கதவையும் கயிற்றையும் பார்த்து, அக்கம்பக்கத்தாரைக் கேட்டு, வழக்கை மீண்டும் தொடங்குக. அது அலுப்பான வேலைதான். நானும் அந்த வேலையைத்தான் ஆயுள் முழுதும் செய்தேன்.

இன்னொன்று. மல்லன் மாலையோடு தெருத்தெருவாகச் சென்று வெந்த கையைக் காட்டுவதாகவும், குழந்தைகள் தொட்டுப் பார்க்க விடுவதாகவும் தூதர் சொன்னார். அவன் முன்கையில் வெளிறிய திட்டுகள் உண்டு என்றும் சொன்னார். சேந்தனார் அதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். நரம்பை அரிக்கும் தொழுநோய் அது. அதில் பிடி இருக்கும், உணர்வு போய்விடும். அவன் மதகைத் திறந்தானா என்று எனக்குத் தெரியாது. அவன் கை அழுகிக்கொண்டிருப்பது அவனுக்கும் தெரியாது. சேந்தனார் இந்த ஓலையோடு தாமே வருகிறார். மல்லனை ஊரைவிட்டு விரட்டலாகாது. வலிக்கவேண்டிய கை அவனுக்கு வலிக்கவில்லை என்பதை யாராவது அருகில் உட்கார்ந்து, மெல்லச் சொல்லவேண்டும். அந்தப் பணியைத் தங்களுக்கே இடுகிறேன்.

அரசர் கேட்க எழுதி, அரசர் கையால் இலச்சினை இட்டது. சுடர் பட்ட விரல் என்பதால் முத்திரை சற்றுக் கோணியிருக்கும். அதை ஐயுறாது ஆணையை நிறைவேற்றுக.