பேண்டுக்குக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

இன்று விடிந்ததும் குசினிப் பக்கமிருந்து புளி வாசம் வந்தது. வீட்டுக்காரி குடம் விளக்குகிறாள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், நம் பள்ளிக்கூட பேண்டின் கோர்னெட் குழலை மடியில் போட்டுக்கொண்டு பழம்புளியும் அடுப்புச் சாம்பலுமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வருசத்துக்கொரு முறை அதை நான் றொசல்லையில் என் வீட்டுக்கு எடுத்து வருவது உனக்குத் தெரியும். ஈரப் பித்தளையும் புளியும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பதினாலு வயதாகிவிட்டது. பக்கத்தில் நீ நிற்கிறாய். உன் வயிற்றுக்கு முன்னால் பெரிய டிரம் தொங்குகிறது. அதற்குப் பின்னாலிருந்து உன் தலை மட்டும் தெரிகிறது.

நீ போய் ஏழு மாசமாகிறது. காகிதம் எடுத்து உட்கார எனக்கு இன்றுதான் தைரியம் வந்தது. செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறானே கிறுக்கன் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருசம் நம் பேண்டு ஹட்டன் கடைத்தெருவில் நடந்து போனது இன்னும் கனவு மாதிரி இருக்கிறது. பனி அன்று கடைக் கூரைகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை. உன் டிரம் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் நடந்தோம். நான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மகன், நீ பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை. பேண்டில் நின்றபோது அந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்ததில்லை. பனியும் அதற்கு உதவி செய்தது.

அடுத்த வருசம் உன் அப்பாவால் பள்ளிச் சம்பளமும் கட்ட முடியவில்லை, பேண்டு உடுப்பும் சப்பாத்தும் வாங்க முடியவில்லை. மூன்றாம் பாரம் படிக்கும்போது நடுவிலேயே நீ நின்றுவிட்டாய். டிரம்மைத் திருப்பிக் கொடுக்கும் முன்னால் அதன் வாரை நீயே துடைத்து, எண்ணெய் போட்டு, மடித்து வைத்தாய். "அடுத்தவன் தோளு அறுக்கக் கூடாதுடா" என்றாய். அழுதது நான்தான். நீ மறுவாரமே கவ்வாத்துக் கத்தியோடு தேயிலை வெட்ட மலை ஏறிவிட்டாய்.

இனி எழுதப் போகிற இடம் எனக்கு வெட்கமான இடம். இதுவரை உன்னிடம் நேராகச் சொன்னதில்லை.

நான் படித்து முடித்துத் தோட்டத்துக் கிளாக்கர் ஆனேன். பேண்டில் இருந்த பழைய மாணவர்கள் சங்கம் வைத்தோம். என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். லயத்துப் பிள்ளைகள் பேண்டில் சேர்ந்து படிக்க உதவிப்பணம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்காகக் கச்சேரி வைத்தோம். முதல் வருசம் மண்டபம் கொள்ளவில்லை. இரண்டாம் வருசம் பாதி மண்டபம். மூன்றாம் வருசம் அடைமழை பிடித்துக்கொண்டது, வந்தவர்களை விட வாசித்தவர்கள் அதிகம். நாங்கள் உதவிய இரண்டு பிள்ளைகளும் உன்னை மாதிரியே நடுவில் நின்றுபோனார்கள்.

அதைப் பேசத்தான் ஹமீது நானாவின் தேத்தண்ணிக் கடை மாடியில் கூடினோம். நானாவும் நம்மோடு வாசித்தவர்தானே, கூட்டத்துக்கு அவர் இடத்துக்கூலி வாங்குவதில்லை. உனக்கு மட்டும் நான் கடிதம் போடவில்லை. கடைசிப் பரீட்சை எழுதியவர்கள்தான் பழைய மாணவர்கள் என்று ஒரு விதி. அந்த விதியை எழுதியவன் நான். நானாதான் உனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பொகவந்தலாவை பஸ்ஸில் குலுங்கி வந்த கோலத்தோடு நீ மாடிப்படியில் வந்து நின்றாய். சங்கத் தலைவரான வக்கீல், புரொக்டர் ஐயா, கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"யாரப்பா இது?"

"தெரிஞ்ச ஆளுங்க" என்றேன்.

கூடப் படித்தவன், பக்கத்தில் நின்று வாசித்தவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என்னைப் பார்க்கவே இல்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டாய்.

"உக்காரச் சொல்லாட்டியும் பரவால்லைங்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிர்றேன். பெரிய மனுசங்க குடுக்குறது நல்லதுதான். ஆனா அவங்க மனசு மாறும், ஊரு மாறுவாங்க, ஒரு நாளு இல்லாமலும் போவாங்க. ஞாயித்துக்கெழம எங்கயும் போவாதுங்க. வருசா வருசம் வரும்."

பிறகு விளக்கினாய். தேயிலைக் கொழுந்து பொங்கும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பெண்கள் மலைக்குப் போவார்கள். அன்று பறித்ததைத் தராசில் நிறுத்ததும் அன்றே கையில் காசு, அதனால்தான் அதற்குக் கைக்காசு என்று பெயர். வைகாசியில் ஒரே ஒரு ஞாயிறு, காலை நிறுவை வரைக்கும் பறிக்கிற கொழுந்து பேண்டுப் பிள்ளைகளுக்கு. அதற்குப் பிறகு பறிப்பது அவரவர் வீட்டுக்கு.

"பொம்பளைங்க ஒழைப்ப நீ எப்பிடிப்பா வாக்குக் குடுக்குற?" என்றார் புரொக்டர் ஐயா. நியாயமான கேள்விதான்.

"நான் குடுக்கலீங்க. என் வீட்டுக்காரி சொன்ன யோசன இது. லயம் லயமா அவளே போயிக் கேட்டுட்டா. அவங்க கேக்குறது ரெண்டே ரெண்டு. ஒரு புள்ளைய எடுத்தா கடைசிப் பரீட்ச வரைக்கும் கைவுடக் கூடாது. அஞ்சு புள்ளைக்கு அரகொறையா வேணாம், ஒன்னு போதும். அப்புறம், அன்னிக்கு நீங்களும் வரணும். பேண்டு வாசிக்கணும், மத்தவங்க சாக்குத் தூக்கணும்."

கீழே ஹமீது நானா வாய்விட்டுச் சிரித்தது மாடிவரை கேட்டது. புரொக்டர் ஐயா சாக்குத் தூக்குவதை அவர் மனதுக்குள் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

திரும்பிப் போகும்போது பஸ் நிலையம் வரை உன் பின்னால் வந்தேன். நீயே சொன்னாய். "வுடுறா. நீ பயந்தாங்கொள்ளின்னு எனக்குத் தெரியாதா? கோர்னெட் ஊதுறப்பவே கடைசிச் சொரத்துல முழிப்பியே." பஸ் கிளம்பியபிறகும் ஜன்னலில் கை ஆட்டிக்கொண்டே போனாய். என் மேல் எனக்கே அவ்வளவு கோபம்.

முதல் கைக்காசு ஞாயிறன்று நான் செய்த கூத்தை நம் ஆட்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரோட்டு வளைவில் பேண்டு நின்றது. மேலே மலை இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. அதற்குள் இருந்து பெண்களின் பேச்சும் சிரிப்பும் மட்டும் வந்தன. நாங்கள் வாசித்தது அதற்குள் போய்க் கரைந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, தரையில் கால் பாவாத மாதிரி ஒரு சுகம். அந்தச் சுகத்தில் மார்ச்சுப் பாட்டு முடிகிற இடத்தில் கடைசிச் சுரத்தை மூச்சு முட்ட நீட்டி ஊதிவிட்டேன்.

உங்கள் தோட்டத்தில் நிறுவைக்குக் கூப்பிடக் கொம்பு ஊதுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும், மறந்துபோனேன். கொம்புக்குப் பழகின கால்கள், பனிக்குள்ளிருந்து வரிசை வரிசையாக இறங்கி வந்தன. எல்லார் முதுகிலும் அரைக்கூடைக் கொழுந்து. நிறுவைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மேற்பார்வை பார்த்த கண்டாக்கையா வாயைத் திறப்பதற்குள் உன் வீட்டுக்காரி முன்னால் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, ஊதுனது நீங்கதானே? சரி, எறங்குனது எறங்கியாச்சு. இத நிறுத்துட்டு மறுபடியும் ஏறுறோம். பகல் நிறுவையும் பேண்டுக்கே இருக்கட்டும்."

இப்படித்தான் காலை நிறுவையோடு முடிய வேண்டியது, என் தப்பால் பகல் வரைக்கும் நீண்டு வழக்கமாகிப்போனது. நீ ஒவ்வொரு வருசமும் "இவன் ஒளறுனதுல ஒரு புள்ளைக்கு சப்பாத்து வந்துச்சு" என்பாய். மற்றத் தோட்டங்களிலும் பழைய மாணவர்கள் ஆளுக்கொரு ஞாயிறு பேசிப் பிடித்தார்கள். முதல் பிள்ளை கடைசிப் பரீட்சை வரை படித்து இப்போது வாத்தியார். இரண்டாவது பிள்ளை இந்த வருசம் மூன்றாம் பாரம். ஆமாம், நீ நின்ற அதே வகுப்பு.

போன வருசம் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒப்பந்தம் வந்தது. யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்று லயத்துக்கு லயம் பேச்சு. எனக்குப் பிரஜாவுரிமைக் காகிதம் இருந்தது, உனக்கு இல்லை. "ஊருன்னு ஒன்னு இருக்காம்டா. நான் பாத்ததே இல்ல, அதுவும் என்னப் பாத்ததில்ல" என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தாய். கடைசியாக நான் வந்தபோது நீ கேட்டது ஒன்றுதான். "எல்லாரும் கப்பலேறிட்டா ஞாயித்துக்கெழமைக்கு யாருடா மலைக்குப் போவா? அந்தப் புள்ள பாதியில நின்னுறாதுல்ல?"

நான் உன் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவந்தேன்.

போன ஞாயிறு நீ இல்லாத முதல் கைக்காசு ஞாயிறு. உங்கள் லயத்தில் பாதிப்பேர் போவதற்குப் பேர் கொடுத்துவிட்டார்கள். தகரப் பெட்டிகூட வாங்கிவிட்டார்கள். யார் வருவார்கள் என்ற பயத்தோடுதான் பஸ்ஸில் வந்தேன். வந்து பார்த்தால் ஒருத்தர் குறையவில்லை. பகல் நிறுவை முடிந்ததும் அவர்கள் கலைந்து போகாமல் நின்றார்கள். உன் வீட்டுக்காரி பேசினார். உன் குரலை விடத் தெளிவான குரல்.

"போறவங்க அவங்க நெரைய இங்க இருக்கப் போறவங்ககிட்ட ஒப்படைக்கணும். நெரைய வாங்குறவங்க இந்த ஞாயித்துக்கெழமையையும் சேத்து வாங்கிக்கணும். சும்மா நெர மட்டும் கெடையாது."

ஒவ்வொருத்திக்கும் மலையில் ஒரு நிரை, தன் கையால் பறித்துப் பழகின தேயிலை வரிசை. வேலையை விட்டுப் போகிறவள் நிரை அடுத்தவளுக்குப் போவது உங்கள் தோட்டத்து வழக்கம். அந்த வழக்கத்தின் முடிச்சில் உன் கவலையைக் கட்டிவிட்டார். பெயர் பெயராகக் கூப்பிட்டு ஒப்படைத்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசியாக, தானும் போவதற்குப் பேர் கொடுத்திருந்த உன் வீட்டுக்காரியின் நிரை மட்டும் மிச்சமிருந்தது. இருக்கப்போகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தங்கள் நிரையோடு இன்னொன்றும் வாங்கியிருந்தார்கள்.

"என்னோடத யாரு வாங்குறது?" என்றார்.

"நான் வாங்கிக்கிறேன் தங்கச்சி" என்றேன்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "கிளாக்கர் ஐயா, கூடை கொழுந்து போடுறதுக்கு. பேனா போடுறதுக்கில்ல" என்றாள் ஒருத்தி.

அவர் சிரிக்கவில்லை. தன் கூடையை அவிழ்த்து என் முதுகில் வைத்து, கயிற்றை என் தலையில் மாட்டினார். என்னை அவர் நிரைக்குக் கூட்டிப்போய் இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று காட்டினார். நான் கிள்ளினேன். நன்றாக வரவில்லை. வருசத்துக்கு ஒரு ஞாயிறு றொசல்லையிலிருந்து வந்து இதைச் செய்ய வேண்டும், எனக்குப் பிறகு யாரிடம் கொடுப்பது என்பதையும் நானே பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை கடைசிப் பரீட்சை எழுதும், அதற்கு அடுத்ததும் எழுதும். நீ கேட்டதற்கு என் பதில் இதுதான், ஏழு மாசம் பிந்தி வருகிறது.

பனி இறங்க ஆரம்பித்தது. அவர் என் நெற்றியில் கயிற்றைச் சரிசெய்துவிட்டுக் கேட்டார்.

"பாரமா இருக்காண்ணே?"

கூடையில் இரண்டு கைப்பிடிக் கொழுந்துதான் இருந்தது. இல்லை என்று உன் வீட்டுக்காரியிடம் பொய் சொன்னேன்.