மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில்

மார்ச் 19

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதிக் கட்டடங்களை ஏற்றி இறக்குகிறவன். பெற்ற தாயை நான்காம் மாடியிலிருந்து இறக்க வக்கில்லை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது அம்மாதான், பல் தேய்ப்பதற்கு முன்பே.

மருத்துவமனையிலிருந்து அவளைக் கொண்டுவந்த மறுநாளே லிஃப்ட் படுத்துக்கொண்டது. அதற்கும் எனக்குத்தான் திட்டு. ஆள் பிடித்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறக்கட்டுமா என்றேன். "நாலு பேர் தூக்கற நாள் தானா வரும். இப்பவே ஒத்திகை எதுக்கு?" என்றாள்.

இதயம் ரொம்பப் பலவீனம், அடுத்த வசந்தத்தைப் பற்றியெல்லாம் இப்போது பேச வேண்டாம் என்று மருத்துவர் தாழ்வாரத்தில் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அவருடைய ரகசியம் கட்டில்வரை கேட்டது. அம்மாவுக்குக் காது மட்டும் இன்னும் கனகச்சிதம்.

மார்ச் 22

அக்கா போன். "அம்மாவைக் கொஞ்சம் வெயில்ல உக்கார வைடா." எந்த வெயிலில்? இந்த வீட்டு ஜன்னலெல்லாம் பின்பக்கத்துச் சுவரைப் பார்த்துத்தான் இருக்கின்றன. கடல் தாண்டி இருந்துகொண்டு வெயில் கொடுக்கிறாள், மகராசி.

முற்றத்து மரம் பூத்துக் கொட்டுகிறது. கட்டடத்தில் பார்க்காதவள் அம்மா ஒருத்திதான். எதிர்வீட்டம்மா தினமும் வந்து, "அப்படியே மேகம் இறங்கின மாதிரி" என்று வர்ணிக்கிறாள். அம்மா தாங்க மாட்டாமல், "நீங்க சொல்லிச் சொல்லி அந்த மரத்து மேலயே வெறுப்பு வந்திருச்சு" என்றாள்.

அவள் போனதும் என்னிடம், "அதைப் பாத்துட்டுத்தான்டா போவேன்" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 26

கட்டடச் செயலாளரிடம் மறுபடி போனேன். "பாகம் வரணும், சார்." எங்கிருந்து வரணுமாம்? நிலாவிலிருந்தா? இந்த லிஃப்டின் பராமரிப்பு வேறு கம்பெனியிடம். நான் தொட்டால் என் உரிமத்துக்கு ஆபத்து. அதை எனக்கே பாடம் எடுக்கிறார். ஏறுகிற பொத்தான் எது, இறங்குகிற பொத்தான் எது என்று இன்னும் தெரியாத மனிதர்.

மார்ச் 27

காற்று. முற்றமெல்லாம் வெள்ளை. மரத்தில் பாதிப் பூ போயிற்று.

மார்ச் 29

தொட்டுவிட்டேன்.

மதியம், செயலாளர் குறட்டையில் இருந்த நேரம். கதவுப் பூட்டு சுவிட்சில்தான் கோளாறு. சுத்தம் செய்து, நிமிர்த்தி, வெறும் லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. அம்மா தலைவாரி, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியில் ராணி மாதிரி உள்ளே வந்தாள்.

மூன்றாம் மாடி தாண்டியதும் நின்றது.

எத்தனையோ பேரிடம் வெளியே நின்றுகொண்டு, "பதறாதீங்க, காத்து வரும், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறேன். உள்ளேயிருந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு மடத்தனம் என்று தெரிகிறது. அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். "இதைச் சொல்லவா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்றாள். மணியை அழுத்தினேன். செயலாளர் கீழேயிருந்து கத்தினார்: "கம்பெனிக்குச் சொல்லியாச்சு! வந்துட்டே இருக்காங்களாம்!" நானும் அப்படித்தான் சொல்வேன், வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே.

அப்புறம் அம்மா பேச்சை நிறுத்தினாள். அவள் திட்டாமல் இருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நெஞ்சு வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையசைத்தாள். "தாங்க முடியலடா" என்றாள். எனக்குப் புரிவதற்குள் நாற்காலிக்கு அடியில் நனைந்துவிட்டது.

அழுதாள். அப்பா போனபோதுகூட நான் பார்க்காத அழுகை. "பாக்காதேடா, அந்தப் பக்கம் திரும்பு." திரும்பினால் கண்ணாடி. அதிலும் அவள்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சே, என்ன மனுஷன்டா நீ! எழுந்து நிக்க முடியாத பொம்பளையைக் கொண்டுவந்து— நம்ம கையில தொழில் இருக்குன்னு திமிர். வேற என்ன?

சட்டையைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றிவிட்டேன். பனியனைக் கழற்றித் தரையைத் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "தொப்பையை உள்ள இழுடா, கதவைத் திறக்கப் போறாங்க" என்றாள். அப்பாடா என்று இருந்தது.

கம்பெனியிலிருந்து வந்தவன் லிஃப்டின் பிரேக்கைத் தளர்த்திக் கீழ்த்தளத்துக்கு இறக்கினான். "நீங்களா, சார்!" என்று ஒரு சிரிப்பு. செயலாளர் தரையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அம்மா அசரவில்லை. "தண்ணி பாட்டிலைக் கொட்டிட்டான். இவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கை நிக்காது." நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

எதிர்வீட்டம்மாவைக் கூப்பிட்டு உடுப்பு மாற்றலாம் என்றேன். "முதல்ல மரம்" என்றாள்.

கிளையில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. நிமிர்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இவ்வளவுதானா? இதுக்கா ஆளாளுக்கு அந்தக் குதி குதிச்சாங்க?" தோளில் விழுந்த பூவைத் தட்டிவிடப் போனேன். கையில் ஓர் அடி. வெயில் இறங்கும்வரை மேலே வர மாட்டேன் என்றுவிட்டாள்.

அதற்குள் கம்பெனிக்காரன் லிஃப்டில் புதுப் பாகத்தை மாட்டி முடித்திருந்தான். அது இத்தனை நாளும் அவன் வண்டியிலேயே கிடந்திருக்கிறது.

மார்ச் 31

அடுத்த கம்பெனி லிஃப்டைத் தொட்டதற்கு விசாரணை. அது முடியும்வரை எனக்கு வேலை கிடையாது. அக்கா போனில், "உனக்கு அறிவிருக்கா?" என்றாள். அம்மா போனைப் பிடுங்கி, "இருந்தா உன்னை மாதிரி அவனும் போன்லயே பாத்துட்டிருப்பான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 20

லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. அம்மாவை உட்கார வைக்கத்தான் இப்போது முதுகுக்கு மூன்று தலையணை வேண்டியிருக்கிறது. காலையில், கீழே போகலாமா என்று கேட்டேன்.

"அங்க என்ன இருக்கு, வெறும் இலை." மூச்சு வாங்கியது. மிச்சத்தைச் சொல்லக் கொஞ்சம் நேரமானது. "அடுத்த வருஷம் பூக்கட்டும். போலாம்."

தாழ்வாரத்தில் மருத்துவர் சொன்னது அவள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"சரிம்மா. அடுத்த வருஷம் போலாம்."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"அதுவரைக்கும் அந்த லிஃப்ட்ல கை வைக்காம இரு" என்றாள்.