சவளக்கடைக்காரரின் கால்

3.3.81 செவ்வாய்
காலையிலேயே வெயில். ஆஸ்பத்திரி லாப்பில் நான் படம் எடுக்கும் மேசையின் இடப்பக்க பல்ப் எரிந்துபோயிற்று. மாற்ற வேறு இல்லை. ஸ்டோருக்கு எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு சத்திரசிகிச்சை அறையிலிருந்து வெட்டி எடுத்த ஒரு கால் வந்தது. வலது, முழங்காலுக்குக் கீழே. சவளக்கடை ஊர் ஆதம்பாவாவுடையது, வயது 54, வேளாண்மை. வயலில் முள் குத்திய இடத்தால் பூஞ்சணம் ஏறி, ஏழு வருடமாக வீங்கி, எலும்பு வரை தின்றிருக்கிறது. டொக்டர் பாதத்தை வெட்டிப் பிளந்தார். உள்ளே கருஞ்சீரகம் தூவியது போலக் கறுப்பு மணிகள்.

"இப்பிடி ஒண்டைப் புத்தகத்திலதான் பாத்திருக்கிறன். கலர்ல எடும். இப்பவே எடும்."

கழுவி, ஒற்றி, அடிமட்டமும் இலக்கமும் வைத்து எட்டுப் படம். ஒற்றை பல்ப்.

பெருவிரல் நகம் புதிதாக வெட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு முன் யாரோ உட்கார்ந்து வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

தேத்தண்ணி அறையில் கிளார்க் இன்றைக்கும், "கைய நல்லாக் கழுவினீங்களா, காக்கா?" வாயில் அண்ணன் முறை; கதிரையை மட்டும் கொஞ்சம் அந்தப்பக்கம் இழுத்துக்கொண்டான்.

4.3 புதன்
பிலிம் கொழும்புக்குத் தபாலில் போயிற்று. வர இரண்டு கிழமை.

ஆதம்பாவாவின் மகள் லாப் வாசலில். கதீஜா. முப்பது வயதிருக்கும்.

"காக்கா, எங்கட வாப்பாட கால் இஞ்சதான இரிக்கி? தாங்க. அடக்கணும்."

டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவருக்கு அதைப் போத்தலில் போட்டு மாணவர்களுக்குக் காட்ட ஆசை. முடியாது என்றார். அவள் அழவில்லை, வாதாடவில்லை, நின்ற இடத்தில் நின்றாள். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.

"படம் வரட்டும். நல்லா வந்தால் காலைக் கொண்டு போகலாம். வராட்டில் அது இங்கதான்."

வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான எடுத்தீங்க?"

ஓம் என்றேன்.

5.3 வியாழன்
வார்டுக்குப் போய் மனிதரையும் பார்த்தேன். மெலிந்த ஆள். பெரிய கண்.

"படம் புடிச்ச நீங்களா? எப்பிடி இருந்திச்சி?"

கழுவித் துடைத்துத்தான் எடுத்தேன் என்றேன்.

"கழுவினீங்களா?" முகம் தெளிந்தது. "என்ட கால் எனக்கு முந்திப் போயிட்டு. அத மண்ணுல வெக்காம இஞ்ச தனிய உட்டுட்டுப் போக ஏலா, மகன்."

பிறகு என்னைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். மனைவி மௌத்தாகி பதினொரு மாதம். பிள்ளை இல்லை. வீடு அவளுடைய சீதன வீடு. மச்சினிக்குக் கலியாணம் பேசியதும் வீடு அவளுக்கென்று நான் வெளியே இறங்கிவிட்டேன். இப்போது கடற்கரைப் பக்கம் ஒரு அறை. ஒரு மணித்தியாலம் இருந்திருப்பேன். அவ்வளவு நேரம் யாரோடும் கதைத்து எத்தனையோ நாள்.

10.3 செவ்வாய்
எடுத்த படம்: பித்தப்பை 1, தைராய்டு 1.
பின்னேரம் வார்ட். கதீஜா கரியரில் சோறு கொண்டுவந்திருந்தாள். எனக்கும் ஒரு பங்கு. சுரைக்காய், இறால். கறி வாய்க்குள் போனதும் மெல்வதை நிறுத்திவிட்டேன். "உப்புக் கூடிட்டா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

14.3 சனி
ஆதம்பாவா வீட்டுக்குப் போய்விட்டார். தெரியாமல் வார்டுக்குப் போனேன். கட்டிலில் வேறு ஆள்.

15.3 ஞாயிறு
உடுப்புத் துவைத்தேன். நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. பின்னேரம் முட்டை வாங்கும்போது குரல் கரகரத்தது.

19.3 வியாழன்
ஸ்லைட் வந்தது. வெளிப்புறம் நல்லது. வெட்டிய பக்கம் எடுத்த மூன்று படமும் பாழ். ஒற்றை வெளிச்சம் ஈரத்தில் பட்டு, மணிகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"அப்ப போத்தல்தான்," என்றார் டொக்டர்.

ஒரு தவணை கேட்டேன். கறுப்பு-வெள்ளையில் நானே எடுத்து நானே கழுவுகிறேன், கறுப்பு மணிக்குக் கலர் எதற்கு என்றேன். திங்கள் வரை பார்க்கலாம் என்றார்.

பல்ப் என் காசில் வாங்கினேன். பின்னேரம் சைக்கிளில் சவளக்கடை, படம் கெட்டதைச் சொல்ல. வழியில் கிட்டங்கி ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. அந்தப்பக்கம் வயலெல்லாம் அறுவடை. ஆதம்பாவா மட்டும் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடியப்பம் தந்தார்கள்.

21.3 சனி
காலைத் திரும்பப் படம் எடுத்தேன். இரண்டு பல்ப், கறுப்பு வெல்வெட், மூன்று தரம் ஈரம் ஒற்றல். பகல் பிலிமைக் கழுவிப் பார்த்தேன். ஒவ்வொரு மணியும் எண்ணலாம். இந்த லாப்பில் நான் எடுத்ததிலேயே நல்ல படம்.

டொக்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கொடுக்கவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

பின்னேரம் சவளக்கடை. "சரிவந்ததா, மகன்?"

"இன்னும் இல்ல."

சோறு.

22.3 ஞாயிறு
திரும்பவும் போனேன். திரும்பவும் அதையே சொன்னேன். கதீஜா கோழி அறுத்திருந்தாள். அவர் இல்லாத காலில் விரல் கடிக்கிறது என்று சொல்லிப் பாயைச் சொறிந்தார்.

23.3 திங்கள்
படத்தைக் கொடுத்தேன். டொக்டர் ஜன்னலோரம் போய் நெடுநேரம் பார்த்தார். "நல்லது. கொண்டு போகச் சொல்லும்."

24.3 செவ்வாய்
லீவு போட்டேன். அந்தக் காலை வெள்ளைத் துணியில் சுற்றி, பலகைப் பெட்டியில் வைத்து, சைக்கிள் கரியரில் கட்டி மிதித்தேன். நற்பிட்டிமுனைச் சந்தியில் ஒருவர், "காக்கா, என்ன மீன்?" மீன் இல்லை என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

மையவாடியில் மற்ற அடக்கங்களுக்குத் தள்ளி, மூலையில் முழ ஆழக் குழி. ஆதம்பாவா இரண்டு கைத்தடியில் வந்தார். குனிய முடியவில்லை. மருமகன் பிடித்துக்கொள்ள, மூன்று கைப்பிடி மண் போட்டார். நானும் போட்டேன்.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். படம் சனிக்கிழமையே சரிவந்துவிட்டது என்று. லாச்சியில் வைத்திருந்தேன், இங்கு வர வேறு காரணம் இல்லை என்று.

கதீஜா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். ஆதம்பாவா பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் இருந்தார்.

"அதுக்கா ரெண்டு நாள் என்ட காலப் புடிச்சி வெச்சிருந்த நீங்க?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"சும்மா வந்திரிக்கலாமே, மகன்."

பிறகு சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். கதீஜா வெளியே வரவில்லை.

27.3 வெள்ளி
ஜும்ஆ. பகல் கடைச் சோறு. பின்னேரம் சைக்கிளை எடுத்தேன். கிட்டங்கி வரை போனேன். அவர்கள் வாசலில் நின்று என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. திரும்பிவிட்டேன்.