சிப்பிக்குடியின் கடைசி வருகைப் பதிவு

நாள் 11. காலை 7.10
கடலடி அறை. ஆழம் முப்பது மீட்டர். அழுத்தம் சீர். எழுதுவது சகாயவினி, ஆவணப் பாதுகாவலர்.
கடலுக்குள் போன சிப்பிக்குடிப் பள்ளிக்கூட முற்றத்தில் இந்த அறையை இறக்கியிருக்கிறார்கள். ஊரைக் காலி செய்யுமுன் 2038இல் புதைத்த காலப்பெட்டியை, நூறாண்டு கழித்துத் திறந்திருக்கிறேன். கடிதங்கள் நாற்பத்தாறு. ஊறிய தாள், மேலே கொண்டுபோய்த் திறந்தால் கூழாகிவிடும். இங்கேயே உலர்த்திக் காற்றுப்புகாத கண்ணாடித் தட்டுகளில் அடைக்கிறேன்.

நாள் 12. காலை 9.40
இன்றைய கடிதம்: "வீட்டுச் சாவிய உள்ள போட்டிருக்கேன். தண்ணி வடிஞ்சா திறந்து, அடுப்படி சன்னலச் சாத்திடுங்க. இப்படிக்கு ரீத்தம்மா."
வெளியே ஒரு வீட்டின் சன்னல் திறந்து கிடக்கிறது. அவருடையதா, தெரியாது. மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன்.

நாள் 13. காலை 11.05
அறைத் தரையின் இணைப்பில் விரிசல். கணுக்கால் வரை தண்ணீர்.
மேலே கப்பலிலிருந்து என் உதவியாளன் தர்மா, ஒலிபெருக்கியில்: "வினியக்கா, மேலேத்துற அழுத்தக் கூண்டு ஒரு தடவை வரும், மறுதடவை சொல்ல முடியாது. நீங்க ஏறிடுங்க. தட்டெல்லாம் கெடக்கட்டும்."
தட்டுகளை ஏற்றினேன். எனக்கு இடமில்லை.

11.50
தட்டுகள் சேர்ந்தன. திரும்பிய கூண்டு பாதியில் சிக்கிவிட்டது. இத்தனை நாள் இந்த அழுத்தத்தில் இருந்துவிட்டு நீந்தி ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டும். மீட்புக்குழு வர இரண்டு மணி நேரமாம்.

நண்பகல் 12.20
முழங்கால் வரை. தர்மாவிடம் பேசிக்கொண்டேயிரு என்றேன். தலைமையாசிரியரின் கடிதத்தை வாசித்தான்: "கடைசி நாள் வருகைப் பதிவை ஒலிநாடாவில் எடுத்திருக்கேன். செல்சியா வரமாட்டா. அலை கொண்டுபோய் ஆறு நாளாச்சு. ஆனாலும் அவ பேரையும் வாசிச்சிருக்கேன்."
ஒலிநாடா தட்டுகளில் இல்லை. பெட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்தது.

12.45
நாடாவின் பூச்சு உதிர்கிறது. ஒருமுறைதான் ஓடும். என் நாடாக் கருவியில் ஓடவிட்டு, மைக்கை அருகில் பிடித்தேன். மேலே பதிவு செய்கிறார்கள்.
முப்பத்தாறு பிள்ளைகள். ஒவ்வொன்றும் "உள்ளேன் ஐயா."
பிறகு, "செல்சியா."
அமைதி. பெஞ்சு நகரும் சத்தம்.
"செல்சியா."
எதையும் சேர்க்கக் கூடாது என்பதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருடம் ஒரு புள்ளிகூடச் சேர்த்ததில்லை.
மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவர் குரல் உடைந்தது.
"உள்ளேன் ஐயா" என்றேன்.

12.52
தர்மா: "அக்கா, கடைசிக் குரல் உங்களுதா? அழிச்சிரவா?"
அழிக்காதே என்றேன்.
தர்மா: "அதுக்கப்புறம் வாத்தியார் பேசுறது... நாடாவுலயே இருந்துச்சா?"
தெரியவில்லை. நாடா இப்போது வெறும் பழுப்புத் தூள்.
அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "சரி, உக்காரும்மா."
தண்ணீர் இடுப்பளவு.
உட்கார்ந்தேன்.