விழுங்கிய நூறு சுற்று

டகோட்டா
அக்டோபர் 9, 1899

அன்பு மகள் சிக்னேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் சுகம், என் மனசுதான் சுகமாக இல்லை. சியாட்டிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். குழந்தைக்குச் சளி விட்டதா, கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், அழகு பார்த்துப் பெட்டியில் பூட்டாமல் போட்டுவிடு.

நம் மாவட்டம் உண்டாகி இருபத்தைந்து வருஷமாம், முதலில் குடியேறியவர்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்கள். பக்கத்து நிலத்து பார்ட்லெட்தான் அதற்குத் தலைவர், கேட்கவேண்டுமா. முதல் வீடும் முதல் கிணறும் அவருடையதாம். அந்த வீட்டுக்குப் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை இந்தக் கையால்தானே அடுக்கினேன், அந்தக் கிணற்றை உன் அப்பாதானே நாற்பதடி தோண்டினார். நமக்கு ஒரே ஒரு வரி, உன் அப்பா எய்னார் குடித்துவிட்டு வண்டியோட்டி அடுத்தவன் நிலத்தில் வீடு கட்டினார் என்று. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு வாய் தொடாத மனுஷன். எனக்கு வயிறு எரிகிறது. அப்பாவிடம் போய்க் கேளுங்கள் என்றால், "எழுதிட்டுப் போறான் விடு தோரா, அதனால நம்ம கோதுமை விளையாமப் போயிடுமா" என்று பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நானே பார்ட்லெட்டிடம் போனேன். "உன் புருஷன் தன் வாயால சொன்னதும்மா, நானா கதை கட்டிவிட்டேன்?" என்கிறார். அது உண்மைதான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாம் குடியேற வந்தபோது, சர்க்கார் நட்ட அளவுக்கல்லிலிருந்து நம் நிலத்துக்கு எண்ணூறு வண்டிச் சக்கரச் சுற்று, நினைவிருக்கிறதா. சக்கரத்து ஆரக்காலில் சிவப்புத் துணி கட்டியிருந்தோம், அது மேலே வரும்போதெல்லாம் எண்ணுவது உன் வேலை, ஏழு வயதில் என்ன பெருமை உனக்கு. அடுத்த வருஷம் நில அளவைக்காரர் வந்து, வீடு சரியாக நூறு சுற்று முன்னாலேயே நிற்கிறது, இது பார்ட்லெட் தன் பேரில் பதிந்த நிலம் என்றார், வீடும் கிணறும் அவருக்கே போயின. நீ ஒரு நூறை விழுங்கிவிட்டாய் என்று அப்போதுதான் புரிந்தது. யார் எண்ணியது என்று ஊரே கேட்டது. நான்தான் என்றார் அப்பா. கதவுச் சட்டத்தை மயிரிழை பிசகாமல் அளக்கிறவர் தப்பு எண்ணினாரா என்று யாரும் நம்பவில்லை, உடனே, "குடிச்சிருந்தேன்யா" என்று சொல்லிவிட்டார். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். இத்தனை வருஷம் காத்தேன், அச்சில் ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நடந்ததை உன் கையால் எழுதிப் பார்ட்லெட்டுக்கு அனுப்பு, மாதக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்கிறார்கள், மறந்துவிடாதே. இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், தபாலாபீசுக்கு நடந்தே போகப்போகிறேன், வண்டி பூட்டச் சொன்னால் எதற்கு என்பார். உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் கைவிடாமல் காக்கட்டும். உன் மேல் எனக்குக் கோபமே இல்லை, சிக்னே. உன் அப்பா மேல்தான்.

உன் அம்மா
தோரா