நாலாவது போணி

செவ்வாய், இரவு

பத்திரிகைக்காரப் பெண் என் பாத்திரக் கடையைப் பற்றி எழுதியதை இன்று எனக்கு வாசித்துக் காட்டினாள். தி.நகரில் வியாபாரம் எப்படி என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போவாள் என்றுதான் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். ஒரு வாரமாக எழுந்திருக்கவில்லை. வரி, வாடகை பற்றி நான் சொன்னது எதுவும் அதில் இல்லை. ஒரே நாளில் நாலு பேரிடம் "இன்னும் போணி ஆகலை, உங்க கையால ஆகட்டும்" என்று நான் சொன்னது மட்டும் கதை மாதிரி இருக்கிறது. நாலாவது ஆள் என் பழைய வாடிக்கை, மயிலாப்பூர் மாமி. அவர் குக்கரைத் தட்டிப் பார்த்ததுகூட வருகிறது.

"இன்னாம்மா இது, நியூஸா சினிமாவா? பேட்டி குடுத்தத வுட்டுட்டு, வியாபாரம் பேசினத எழுதிக்கினு கீற."

"பேட்டிய எல்லாரும் எழுதுவாங்க அண்ணே. நான் பார்த்தத எழுதறேன்."

மாமி இவள் எழுதும் பேப்பரை வரி விடாமல் படிப்பவர். "என் கைராசிடா நோக்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் பையைத் திறப்பார். பேத்தி கல்யாணப் பாத்திரம் மொத்தமும் என்னிடம்தான் என்றிருக்கிறார். அந்த ஆர்டர் போனால்கூட சமாளித்துவிடுவேன். அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

மாமியை எடுத்துவிடச் சொன்னேன். நடந்ததை மறைக்க மாட்டேன் என்றாள். வெகுநேரம் பேரம் பேசினோம். கடைசியில் முடிவானது இது: கடைப் பெயர் வராது, மயிலாப்பூரும் வராது. நாலு போணியும் வரும். அச்சுக்குப் போகும் முன் மாமியிடம் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும்.