மாதிரி இதயம்

பணி நாள் 611 | காலை 06:10

அளவீடு முடிந்தது. ஸ்கேன் கருவி நன்றாக இருக்கிறது. காற்று வடிகட்டி நாறுகிறது.

இதைப் படிக்கப்போவது யாரென்று தெரியாததால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் யூனிஸ், இதயப் படமெடுப்பு நிபுணர். நிலவைச் சுற்றும் இந்தத் தகர டப்பாவில் தனியாக இருக்கிறேன். கீழே நிலவில் ஒரு சுரங்கம், அதில் நாற்பது பேர். வெளிவேலைக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் அங்குள்ள படுக்கையில் படுத்து இதயத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்குள்ள கருவி அதைப் பார்த்து 'இயல்பு' என்றால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். பூமிக்கு வெளியே மாரடைப்பு ஏன் சீக்கிரம் வருகிறது என்பது என் ஆராய்ச்சி.

பாதிக் காரணம் கதிர்வீச்சு. மீதியை நிறுவனமே தட்டில் வைத்துப் பரிமாறுகிறது: பஜ்ஜி. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சூடாக பஜ்ஜி இல்லையென்றால் கீழே பெரிய ரகளையே நடக்கும். எண்ணெய் பூமியிலிருந்து வரவேண்டும் என்பதால் ஒரே எண்ணெயை நிறம் கறுத்துப் பிசினாகும்வரை மறுபடி மறுபடி காய்ச்சுகிறார்கள். நிலவின் ஈர்ப்பில் எண்ணெய் வடிவதும் இல்லை. அப்படியே விழுங்குகிறார்கள். நினைத்தாலே குமட்டுகிறது.

பணி நாள் 612 | காலை 06:25

அளவீடு முடிந்தது. கருவி எதையும் ஒரு மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் படிக்கும். அதற்காக ஜெல்லியில் செய்த ஓர் இதயத்தைக் கொடுத்தனுப்பினார்கள். ராக்கெட் குலுக்கலில் அது இரண்டாகப் பிளந்துவிட்டது. பூமியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் இயக்குநர் சுகவனம் அன்று அனுப்பிய செய்தி இன்னும் நினைவிருக்கிறது:

"டாக்டர், டெஸ்ட் எடுத்த எல்லார்லயும் உங்க ஹார்ட்தான் பர்ஃபெக்ட். தினம் காலையில நீங்களே ஒரு தடவை உள்ள படுத்துடுங்க. ஜெல்லின்னா சும்மா கிடக்கும், உங்களோடது துடிக்கும். துடிப்பையும் சேர்த்தே ஒப்பிடலாம். இதுக்குப் போய் இன்னொரு ராக்கெட் எதுக்கு?"

அன்றிலிருந்து தினமும் காலையில் நான்தான் மாதிரி. கீழிருந்து வரும் இணைப்பு மெல்லியது. முழுப் படத்தையும் அனுப்பாமல், என் இதயத்திலிருந்து எங்கே வேறுபடுகிறதோ அதை மட்டும் அனுப்புவார்கள். வேறுபாடு இல்லையென்றால் வெள்ளைத் திரை வரும்.

தினமும் வெள்ளைத் திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். இந்தத் தீனிக்கு இத்தனை வெள்ளை எப்படி என்று வியந்திருக்கிறேன். அதிர்ஷ்டக்காரர்கள்.

பணி நாள் 613 | பகல் 11:40

துளைப்பான் ஓட்டும் மாசிலாமணியிடமிருந்து செய்தி. நெய்வேலிச் சுரங்கத்தில் இருந்தவர், நல்ல மனிதர்.

"டாக்டரம்மா, காலையிலேர்ந்து நெஞ்சுல ஏதோ கல்லத் தூக்கி வச்சாப்புல இருக்குது. வாயுதாம்மா. பொற்கொடி சிஸ்டர் ஓமத்தண்ணி குடுத்தாங்க, ஏப்பம் வந்துச்சு, கொஞ்சம் தேவலாம். முறுக்கு வந்து சேந்துச்சா? நம்ம சட்டியிலதான் சுட்டது."

வந்து சேர்ந்தது. இங்கே எடை இல்லாததால் கடித்த துணுக்குகள் முகத்தைச் சுற்றி மிதக்கின்றன, வடிகட்டியில் போய் ஒட்டி நாறுகின்றன. சுரங்கத்திலிருந்து சரக்குக்கூண்டு மேலே வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் அனுப்புகிறார். திட்டிக்கொண்டே தின்கிறேன்.

நெஞ்சில் எது வந்தாலும் நம் ஆட்களுக்கு வாயு. கல் வைத்தாலும் வாயு, கத்தி வைத்தாலும் வாயு. எரிச்சலோடு உடனே படம் எடுக்கச் சொன்னேன். திரை வெள்ளை. ஓய்வெடுங்கள் என்று செய்தி அனுப்பினேன்.

உடற்பயிற்சிக்கு ஓடுபொறியில் ஓடியபோது எனக்கும் தாடை வலித்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

பணி நாள் 614 | பகல் 13:05

மாசிலாமணி இறந்துவிட்டார்.

சுரங்கத்தின் நர்ஸ் பொற்கொடியின் செய்தியை அப்படியே எழுதுகிறேன்: "டாக்டர், ரெஸ்ட் எடுக்கச் சொன்னீங்கன்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். பச்சை விளக்கு எரியுதே, அப்புறம் என்ன ரெஸ்டுன்னுட்டாரு. மாசிலாமணி துளைப்பானைப் பிடிச்சபடியே உக்காந்துட்டாராம் டாக்டர். உள்ள தூக்கிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழட்டுறதுக்குள்ள… ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னுதானே சொன்னீங்க? ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்களே!"

சொன்னேன். ஒன்றுமே இல்லை என்றுதான் சொன்னேன்.

பணி நாள் 614 | மாலை 16:30

சுகவனம்: "ரொம்ப வருத்தமா இருக்கு டாக்டர். ஆனா ஸ்கேன் இயல்பு. அப்போ ஹார்ட் காரணம் இல்லைன்னு ஆயிடுச்சு. உடுப்புல ஆக்சிஜன் கோளாறுன்னு ரிப்போர்ட்டை முடிச்சுடுங்க. வேலை நிக்கக்கூடாது பாருங்க."

இரண்டாவது வாக்கியத்துக்குள் வருத்தம் தீர்ந்துவிட்டது. இந்த ஆளின் குரலைக் கேட்ட காதைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

உடலை மறுபடி படுக்கையில் கிடத்தி, ஒப்பிடாத முழுப் படத்தை எடுத்து அனுப்பும்படி பொற்கொடியிடம் கேட்டிருக்கிறேன். வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகட்டும்.

பணி நாள் 616 | காலை 09:15

படம் வந்தது.

இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் ரத்தக்குழாய், தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே முக்கால்வாசி அடைத்திருக்கிறது. மஞ்சள் கொழுப்பு, சுண்ணாம்புத் திட்டு, கடைசியாக வந்து மீதி வழியையும் மூடிய ரத்தக்கட்டி. ஆறிப்போன சட்டியின் அடியில் படிந்திருக்குமே, அதே அசிங்கம். மருத்துவம் படிக்கும் முதல் வருடப் பிள்ளைகூட அறை வாசலில் நின்று கண்டுபிடித்துவிடும். கருவி இதற்கு வெள்ளைத் திரை காட்டியது.

ஒரே ஒரு வழியில்தான் அது நடக்கும். என் படங்களைத் திறந்தேன். இத்தனை நாளில் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. மாதிரியை யார் சோதிப்பார்கள்?

முதல் நாள் என் குழாய் அகலமாக, அழகாக இருக்கிறது. நூறாம் நாள் ஒரு சின்ன மேடு. முந்நூறாம் நாள் திட்டு. இன்று காலை, அதே குழாய், அதே இடம், நூல் போல ஒரு வழி.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது. கருவியும் தினமும் காலையில் அதையே சரியென்று எடுத்துக்கொண்டது. எனக்கு எங்கே அடைப்போ, அங்கே அடைத்திருப்பவர்களெல்லாம் அதன் கண்ணில் ஆரோக்கியசாலிகள். மாரடைப்பு அதிகம் பிறக்கும் இடமும் அதுதான்.

கழிப்பறைப் பைக்குள் வாந்தி எடுத்தேன். முறுக்கு வாசம்.

பணி நாள் 616 | பகல் 12:50

சுரங்கத்துக்கும் பூமிக்கும் எல்லாவற்றையும் அனுப்பினேன்.

சுரங்க மேஸ்திரி பவுன்ராஜ்: "நீங்க சொல்றது புரியுது டாக்டர். ஆனா கதவைத் தொறக்கிறது மெஷினு, நான் இல்ல. பச்சை எரிஞ்சும் ஒருத்தன் போகலைன்னா ஒப்பந்தத்தை மீறினதா ஆயிடும், ஊருக்குத் திருப்பி அனுப்பிருவாங்க. சிவப்பு எரியட்டும், ஒரு பயலை அனுப்ப மாட்டேன். மாசியோட துளைப்பானுக்கு ஆளில்ல, நாளன்னைக்குக் காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு நானே எறங்குறேன். எனக்கும் ரெண்டு நாளா தாடையெல்லாம் இழுக்குது. வாயுதான்."

வாயு! அடப்பாவி மனிதா!

சுகவனம்: "டாக்டர், முப்பத்தொம்பது பேரையும் நிறுத்தச் சொல்றீங்களா? புது மாதிரி அடுத்த சரக்குல வந்துடும், மூணு மாசம்தான். அதுவரைக்கும் கருவியோட முடிவே முடிவு. நீங்க குழம்பிப்போயிருக்கீங்க, தனிமை அப்படித்தான் பண்ணும். சுரங்கத்தோட பேசுற லைனை இங்கேயே எடுத்துக்கறோம், நீங்க ரெஸ்ட் எடுங்க."

லைன் போய்விட்டது. பொற்கொடியை அழைத்துப் பார்த்தேன். வெறும் இரைச்சல்.

பணி நாள் 617 | காலை 06:40

இன்று நான் படுக்கவில்லை. கருவி நேற்றைய என்னையே மாதிரியாக வைத்துக்கொண்டது. தண்ணீர்ப்பையை வைத்தேன்: 'பதிவான உடல் இல்லை.' பிளந்த ஜெல்லியை ஒட்டி வைத்தேன்: அதே பதில். தீர்ப்பைக் கையால் மாற்ற யாருக்கும் வழி வைக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தினால், பதில் வராத பட்சத்தில் கதவு தானாகப் பச்சை காட்டும்படி ஒரு புத்திசாலி எழுதி வைத்திருக்கிறான். வேலை நிற்கக்கூடாது பாருங்கள்.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது. எண்ணெய் மேல், இந்தக் கருவியின் மேல், 'இயல்பு' என்ற சொல்லின் மேல். என் மார்புக்குள் கிடந்து துடித்துக்கொண்டிருக்கும், எல்லோரும் பர்ஃபெக்ட் என்று மெச்சிய இந்த இறைச்சித் துண்டின் மேலும்தான்.

பணி நாள் 618 | காலை 05:20

வந்துவிட்டது. நெஞ்சில் கல். மாசிலாமணி சரியாகத்தான் சொன்னார், கல்லேதான். இடது கை, தாடை. வியர்வை வழியாமல் முகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பிரின் மென்றேன். நாக்குக்கடியில் மாத்திரை வைத்தேன், பலனில்லை. அடைப்பை எடுக்கும் கை எதுவும் இங்கே இல்லை.

மின்னதிர்ச்சி கொடுக்கும் உடுப்பு ஒன்று இருக்கிறது. இதயம் நின்றால் அதுவே உதைத்து எழுப்பும். சிலருக்கு அது பலித்திருக்கிறது. போட்டுக்கொண்டு சுவரோடு கட்டிக்கொண்டு காத்திருக்கலாம். ஆனால் அது உலோகம். போட்டுக்கொண்டு ஸ்கேனுக்குள் போக முடியாது.

ஏழு மணிக்கு பவுன்ராஜ் இறங்குகிறார். அதற்குமுன் 06:10 அளவீடு.

பணி நாள் 618 | காலை 05:50

தெளிவாக எழுதப் பார்க்கிறேன்.

கருவி பதிவான உடலா என்று மட்டும் கேட்கும். உயிருள்ளதா என்று கேட்காது. ஜெல்லிக்காக எழுதிய நிரல், ஜெல்லியிடம் அதைக் கேட்க வேண்டியதில்லையே. துடிப்பை ஒப்பிடச் சொல்லித் திருத்தியவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

போட்டிருந்த அதிர்ச்சி உடுப்பைக் கழற்றிவிட்டேன். சாக ஆசையில்லை. நன்றாகப் பயமாக இருக்கிறது, பாளையங்கோட்டை வெயிலில் ஒரு முறை நிற்க வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் வெள்ளைத் திரைக்கு இன்னொரு கையெழுத்துப் போட என்னால் ஆகாது.

பொற்கொடி, பஜ்ஜிச் சட்டியைத் தூக்கி வெளியே எறி. பவுன்ராஜ், அது வாயு இல்லை.

சுகவனம், என் இதயம்தான் பர்ஃபெக்ட் என்றீர்கள் இல்லையா? வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போய்ப் பட்டையைக் கட்டிக்கொள்கி…

பணி நாள் 618 | காலை 06:10 | தானியங்கிப் பதிவு

அளவீடு முடிந்தது. பதிவான உடல்: யூனிஸ். துடிப்பு: பூஜ்யம். ரத்த ஓட்டம்: பூஜ்யம். மாதிரி ஏற்கப்பட்டது. மதிப்பீடு: இயல்பு.

பணி நாள் 618 | காலை 06:52 | தானியங்கிப் பதிவு

பவுன்ராஜ். இதயம் அசைகிறது. மாதிரியோடு பொருந்தவில்லை. விளக்கு: சிவப்பு. கதவு: பூட்டு.

பணி நாள் 618 | காலை 07:40 | தானியங்கிப் பதிவு

சோதித்தவர்கள் முப்பத்தொன்பது. அனைவரின் இதயமும் அசைகிறது. இயல்பு: எவருமில்லை. கதவு: பூட்டு.

பணி நாள் 619 | காலை 06:10 | தானியங்கிப் பதிவு

அளவீடு முடிந்தது. மாதிரியில் மாற்றம் இல்லை. கதவு: பூட்டு.